ரொட்டிக் காசு

சாவிச் வீட்டு வெள்ளிக் காசு பச்சை பூத்திருந்தது. லேசாகக் களிம்பேறியிருந்தால்கூடத் தேவலை. இது பிசுபிசுவென்று சளி மாதிரி காசு முழுக்க அப்பியிருந்தது. நோரீன் அதை பிளாஸ்டிக் உறையோடு சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

ஜனவரி ஆறாம் தேதி காலை. அமெரிக்காவின் பியூட் நகரத்தில் மற்றவர்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் மரத்தைத் தெருவோரம் எறிந்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். சாவிச் குடும்பம் செர்பியக் குடும்பம், பழைய நாள்காட்டிப்படி அவர்களுக்கு நாளைக்குத்தான் கிறிஸ்துமஸ். இன்று பொழுது சாய்வதற்குள் இந்தக் காசை மாமியார் ஸ்டானாவின் கையில் சேர்த்தாக வேண்டும். அதுவும் சுத்தமாக.

நோரீனின் கணவன் ராடோவுடைய கொள்ளுத்தாத்தா கடல் தாண்டி வந்து இந்த ஊர்ச் செம்புச் சுரங்கத்தில் இறங்கினார். முதல் சம்பளத்தை வெள்ளி டாலர்களாகக் கையில் எண்ணிக் கொடுத்தார்களாம். அதில் ஒன்றை மட்டும் அவர் செலவழிக்கவில்லை. அன்று முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் காசு ரொட்டி மாவுக்குள் போகிறது. மதியம் குடும்பமே மேசையைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு பக்கம் ரொட்டியின் விளிம்பைப் பிடித்து, கை மாற்றி மாற்றி அதை மூன்று சுற்றுச் சுற்றிவிடும். ரொட்டி சுட்டவர் "போதும்" என்றதும் எல்லோரும் பிய்ப்பார்கள். யார் துண்டில் காசு வருகிறதோ அந்த வருஷத்து யோகம் அவருக்கு. காசும் அவரிடமே இருக்கும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர் அதைத் துலக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாயில் போடுகிற பண்டத்துக்குள் வைக்கிற காசாயிற்றே.

துலக்குவதில் அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு சாமர்த்தியம். அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தவர் உண்டு, டூத்பேஸ்ட் பூசியவர் உண்டு, சமையல் சோடாவைக் கொட்டியவர் உண்டு. சித்தப்பா போக்டான் ஒரு வருஷம் கார் பம்பருக்குப் போடுகிற பாலிஷைப் போட்டுத் தேய்த்துவிட்டு, முகம் தெரிகிறது பார் என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

போன வருஷம் காசு நோரீனின் துண்டில் வந்தது. ராடோ அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். ரொட்டியின் அடியில் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருந்ததைப் பார்த்து, "எலி தின்னுட்டு மிச்சத்தை நமக்கு வச்சிருக்கு போல" என்றான். "ஆவி போறதுக்குடா. வாயை மூடிட்டுத் தின்னு" என்றாள் ஸ்டானா. எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் மடி நிறையாத ஐரிஷ் பெண்ணுக்குக் காசு கிடைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வசந்தத்தில் நல்ல செய்தி வந்தது. கோடை முடிவதற்குள் அது தங்காமல் போனது. ஐந்தாம் மாதம்.

ஸ்டானா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அறை வாசலிலேயே நின்று, சூப் இருந்த டப்பாவை ஓரத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதோடு சரி. நோரீன் ஊருக்குள் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். மாதம் தவறாமல் அங்கே வந்து உட்கார்ந்து, முடியை வெட்டச் சொல்லிவிட்டு ஊர்வம்பெல்லாம் பேசிப் போகிற மாமியார் அதற்குப் பிறகு கடைப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. முன்பெல்லாம் நோரீனை 'தூஷோ' என்றுதான் கூப்பிடுவாள். செர்பிய மொழியில் 'உயிரே' என்று அர்த்தம். இப்போது தொலைபேசியில் பேசினால் "ராடோ இருக்கானா?" என்பதோடு நின்றுபோகிறது. கொடுத்த யோகத்தைக் கைநழுவ விட்டவள் என்று மாமியார் மருமகளை ஒதுக்கிவிட்டாள். நோரீன் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

காசைக் கீறல் படாமல் வைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து மெத்தென்ற உறை வாங்கிப் போட்டிருந்தாள். கோடைக்குப் பிறகு அதைக் கண்கொண்டு பார்க்க முடியாமல் இழுப்பறையின் அடியில் தள்ளிவிட்டாள். இப்போது எடுத்தால் இந்தக் கோலம்.

"நான் கொண்டுபோய்க் குடுத்திடறேன். நாளைக்கும் உனக்கு முடியலன்னா வர வேணாம். தலைவலின்னு சொல்லிக்கிறேன்" என்றான் ராடோ.

"இதையா குடுப்ப? அவ கை பட்டா வெள்ளிகூட அழுகிப்போகுதுன்னு உங்கம்மா நினைக்க மாட்டாங்களா?"

"கொஞ்சம் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா..."

"உங்க வம்சமே டூத்பேஸ்ட்டாலதான் நாசமாப் போகப் போகுது" என்றாள் நோரீன். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மேட்டுத் தெருவில் பழங்காசுக் கடை வைத்திருக்கும் ட்ரிலோர் கிழவருக்கும் அவள்தான் முடி வெட்டுகிறாள். வெட்டுவதற்கு அங்கே அதிகம் இல்லை. மனிதர் நல்லவர்தான், ஆனால் காசு என்று வந்துவிட்டால் கடுவன் பூனை. அவள் உறையை மேசைமேல் வைத்துவிட்டு, "இது எங்க வீட்டு..." என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாயை மூடு. காசுக்கு மேல குனிஞ்சு பேசாதே. எச்சில் தெறிக்கும். இன்னிக்கி ஒண்ணும் தெரியாது. பத்து வருஷம் கழிச்சுக் கரும்புள்ளியா வந்து நிக்கும்."

"உங்க தலைக்கு மேல நான் எவ்வளவோ பேசியிருக்கேனே."

"அதான் ஒண்ணும் மிச்சமில்ல."

அவர் காசின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து உறையிலிருந்து வெளியே எடுத்தார். முகம் கோணியது. "மெத்துன்னு இருக்கிற உறையா பார்த்து வாங்கினியாக்கும். அந்த மெத்துதான் விஷம். பிளாஸ்டிக்கை இளக வைக்கறதுக்கு ஒரு சரக்கு சேர்ப்பான். அது நாளாக ஆக வெளிய கசிஞ்சு இப்படிப் பச்சைப் பிசினா ஒட்டிக்கும். விட்டா வெள்ளியையே அரிச்சுடும். நல்லவேளை, இன்னும் ஆழமாப் போகல."

"போகுமா இது?"

"உன் கடையிலதான் மருந்தே இருக்கு. நகப்பூச்சு அழிக்க அசிட்டோன் வச்சிருக்கல்ல? வாசனை, எண்ணெய்னு எதுவும் கலக்காத சுத்தமான அசிட்டோன். அதைக் கடையில வச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கிற."

சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றிக் காசை அதில் மெல்ல இறக்கினார். நோரீனின் கை தன்னையறியாமல் பஞ்சைத் தேடியது. "தொடாதே. தேய்ச்சா கொலை பண்ற மாதிரி. அதுவா கரையட்டும்" என்றார். பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மேகம் மாதிரி பிரிந்து போனது. வேறு கிண்ணத்தில் புதுசாக ஊற்றி இன்னொரு முறை முக்கினார். எடுத்து மெல்லிய துணியில் வைத்து உலரவிட்டார்.

காசில் பொறித்திருந்த பெண்ணின் முகம் மறுபடி வெள்ளையாக வந்தது. நோரீனுக்குப் பாதி உயிர் திரும்பியது.

ட்ரிலோர் அதோடு விடவில்லை. விளக்கை இழுத்துவைத்து, உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சலித்துக்கொண்டார். "ஒரு காசுக்குச் செய்யக்கூடாத அக்கிரமம் எல்லாத்தையும் உங்க ஆளுங்க செஞ்சிருக்காங்க. இதோ, மயிரிழை மயிரிழையா வட்டமாக் கீறியிருக்கே, அது டூத்பேஸ்ட்டும் சோடாவும். இங்க உயிரே இல்லாம வெளிறிக் கிடக்கு. எவனோ அமிலத்துல முக்கியிருக்கான். இந்தக் கறுப்பு, மாவுல சேர்த்த முட்டை பட்டு வந்தது. விளிம்புல யாரோ கடிச்ச பல்லுத் தடம்."

"அது போக்டான் சித்தப்பா. பேராசைக்காரர்."

"இது என்ன?" ட்ரிலோர் காசை விளக்குக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். "வெள்ளி டாலர்ல மொதல்ல பார்க்க வேண்டியது இந்தப் பொண்ணோட கன்னத்தைத்தான். மேடா, வழவழன்னு இருக்கும். சின்ன அடி பட்டாலும் காட்டிக்குடுத்துடும். இங்க யாரோ குத்தியிருக்காங்க. எஃகு ஊசி. ஒரு குத்து இல்ல, கிட்டக் கிட்டப் பல குத்து. பாரு."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அந்த வெள்ளிக் கன்னத்தில் ஊசிமுனைப் பொட்டுகள். ஒவ்வொன்றும் மினுக்கியது.

"பழசா இருந்தா உள்ள கறுத்திருக்கும். இது புதுசு. ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு. நீ ஏதாச்சும் ஊசியால நோண்டினியா?"

"இல்லையே" என்றாள். அந்தச் சொல் வாயை விட்டுப் போவதற்குள் அவளுக்கு ரொட்டியின் அடியில் இருந்த ஓட்டைகள் ஞாபகம் வந்துவிட்டன.

ஆவி போறதுக்குடா.

ட்ரிலோர் கூலி வாங்க மறுத்துவிட்டார். உங்க மாமியார் செய்யற வால்நட் ரொட்டியில ஒரு சுருள் அனுப்பு, பிளாஸ்டிக்ல சுத்தாம அனுப்பு என்றார். காசைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்.

நோரீன் காரில் ஏறி, கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். ஸ்டானாவிடம் ஒரு நீள ஊசி உண்டு. கேக் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிற ஊசி. மாவு உப்பும்போது காசு உள்ளே நகர்ந்துவிடும், வைத்த இடத்தில் இருக்காது. வெந்த ரொட்டியைக் கவிழ்த்து ஊசியால் குத்திப் பார்த்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரிந்த பிறகு மேலே ஒரு அடையாளம் வைத்துவிட்டால் போதும். "போதும்" என்று சொல்லி நிறுத்துவதும் அவள்தானே.

முதலில் கோபம்தான் வந்தது. கடவுள் கொடுத்தது என்று நம்பி அழுததும் சிரித்ததும் எல்லாம் ஒரு கிழவி அடுப்படியில் செய்த தில்லுமுல்லா? அப்புறம் அவளுக்கு அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்தது. முட்டி வீங்கிய விரல்களால் சுடச்சுட ரொட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, காசு தட்டுப்படும் வரை விடாமல் குத்துகிற ஸ்டானா. யாருக்காக? கோபம் நிற்கவில்லை. அது போன இடத்தில் அழுகை வந்தது.

ஸ்டானா சமையலறையில் உப்பு மீனை அலசிக்கொண்டிருந்தாள். இன்று நோன்பு, பாலும் கறியும் கூடாது. இயேசு பிறந்த தொழுவத்தின் நினைவாகத் தரையில் விரிக்க வைக்கோல் மூலையில் தயாராக இருந்தது. நோரீனைப் பார்த்ததும் ஈரக்கையோடு நின்றுவிட்டாள். நோரீன் பார்த்தது அவள் தலையை. எத்தனையோ வருஷமாகக் காதுக்குமேல் நிற்கும்படி வெட்டிவிட்ட முடி, இப்போது கண்டபடி வளர்ந்து, பின்னால் இரண்டு கிளிப்பில் அடங்காமல் தொங்கியது. வேறு யாரிடமும் அவள் போகவில்லை.

"ராடோ கொண்டுவருவான்னு நினைச்சேன்" என்றாள் ஸ்டானா.

"நானே வந்தேன்மா." காகித உறையை நீட்டினாள்.

ஸ்டானா அதை வாங்கிப் பிரித்துப் பார்க்கவில்லை. அலமாரியில் வைத்துவிட்டு மீனுக்குத் திரும்பினாள். "இந்த வருஷம் காசு வைக்கப் போறதில்ல. ஒரு வால்நட் வச்சுடறேன். காசெல்லாம் என்னத்துக்கு. அழுக்கு."

"ஏம்மா?"

"ஏன்னா ஏன்தான். நாளைக்கு வர்றியா? வரலன்னாலும் பரவாயில்ல."

"காசோட கன்னத்துல ஊசிக்குத்து இருக்கு" என்றாள் நோரீன்.

தண்ணீர் குழாயில் கொட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டானா அதை நிறுத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பொறுக்கல. வருஷா வருஷம் நீ உன் துண்டைப் பிச்சுப் பார்க்கிறதும், இல்லன்ன உடனே பக்கத்துல இருக்கிறவனுக்குக் கைதட்டறதும். உன் மூஞ்சியைத்தான் நான் பார்ப்பேன். கடவுள் மறந்துட்டாரு போல, நாம கொஞ்சம் கை குடுப்போம்னு நினைச்சேன். அவருக்குக் கை குடுத்தா பிடிக்காதுன்னு எனக்கு எங்க தெரியும்?"

"அம்மா, யாரும் செஞ்சது எதுவும் காரணமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அந்த ரொட்டியை டாக்டரா சுட்டாரு?" என்றாள் ஸ்டானா. "திருட்டு யோகத்தை உன் தட்டுல வச்சேன். குடுத்தவரு பிடுங்கிட்டாரு. உன்கிட்ட இருந்து பிடுங்கிட்டாரு, அதான் எனக்குத் தாங்கல. நான் எந்த மூஞ்சியோட உன் கடைக்கு வந்து, கண்ணாடி முன்னாடி உட்காருவேன்?"

நோரீன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலன்னு நான் நினைச்சிட்டிருந்தேன்."

"உன் மூஞ்சியையா?" கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "பைத்தியமா உனக்கு?"

பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு, மீன்வாடை அடிக்க அடிக்க, வெட்கம் பார்க்காமல் அழுதார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அழுதிருக்க வேண்டியதை இத்தனை மாதம் ஆளுக்கொரு வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள்.

மூக்கைச் சிந்திவிட்டு நோரீன் கேட்டாள். "உங்களுக்கு எப்பவாச்சும் காசு வந்திருக்கா?"

"எனக்கா? சுடறவளுக்கு எங்க வரும்? இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான்தான் சுடறேன். எங்க இருக்குன்னு கொஞ்சம் கொஞ்சம் தெரியும், அதனால தள்ளியே நின்னு பிடிப்பேன். நான் ஒழுங்கானவதான், அந்த ஒரு வருஷத்தைத் தவிர."

"நாளைக்கு நான் சுடறேன். நீங்க காலையில பூசைக்குப் போங்க, நான் வந்து பார்த்துக்கறேன். காசுதான் வைப்பேன், வால்நட் எல்லாம் கிடையாது."

ஸ்டானா எழுந்து மறுபடி மீனைக் கையில் எடுத்தாள். "காசோட முகம் கீழ பார்க்கணும்" என்றாள் கடைசியில்.

மறுநாள் காலையில் அந்த வீட்டில் நோரீன் மட்டும்தான் இருந்தாள். காசை வெந்நீரில் அலசி, தேய்க்காமல் துணியில் ஒற்றி, முகம் கீழே பார்க்க மாவுக்குள் வைத்தாள். ரொட்டி பொன்னிறமாக வெந்து வந்தது. ஆறுவதற்கு முன்னால் கவிழ்த்துப் போட்டாள். ஊசி அதன் இடத்தில், கரண்டிகளுக்கு நடுவில் நின்றது.

ட்ரிலோர் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார். அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. குத்தினால் என்ன ஆகும் என்று ஸ்டானா நம்புகிறாள், பக்கத்தில் யாருமில்லாத அந்த நேரத்தில் நோரீனும் கொஞ்சம் நம்பினாள். பிறகு ஊசியை எடுத்தாள். இது யோகத்தைத் திருடுவது இல்லை, ஒருத்திக்கு வர வேண்டியது ரொம்ப நாளாக வரவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குத்தினாள். இல்லை. கொஞ்சம் தள்ளிக் குத்தினாள். அங்கும் இல்லை. அடுத்ததில் ஊசிமுனை கெட்டியாகத் தட்டியது, அந்தத் தட்டல் அவள் விரல் வரைக்கும் வந்தது. ரொட்டியை நிமிர்த்தி, மேலே அந்த இடத்தில் நகத்தால் சின்னதாகக் கிள்ளி வைத்தாள்.

மதியம் வைக்கோல் காலடியில் மொறுமொறுக்க எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். "கிறிஸ்து பிறந்தார்" என்று போக்டான் சித்தப்பா சொல்ல, "மெய்யாகவே பிறந்தார்" என்றார்கள். ரொட்டியைப் பிடித்துச் சுற்றினார்கள். மூன்று சுற்று முடிந்தது. நகத்தடம் சித்தப்பாவின் கட்டைவிரலுக்கு நேராக இருந்தது.

நோரீன் "போதும்" சொல்லவில்லை.

"மூணு ஆச்சு" என்றான் ராடோ.

"இன்னும் ஆகல."

"ஆச்சு நோரீன், நான் எண்ணினேன்."

"சுட்டது நீயா நானா? சுத்து பேசாம."

சித்தப்பா முணுமுணுத்தார். ரொட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஸ்டானா வழக்கம்போல ஓரமாக, விரல் நுனியால் மட்டும் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்" என்றாள் நோரீன்.

பிய்த்தார்கள். ஆளாளுக்குத் தன் துண்டை நோண்டினார்கள். ஸ்டானா நோண்டவில்லை. அவள் துண்டிலிருந்து வெள்ளி விளிம்பு தானாகவே வெளியே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. ராடோதான் அதை முதலில் கவனித்தான். "அம்மாவுக்கு" என்றான், குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பாகூடத் தட்டினார்.

ஸ்டானா காசை எடுத்துக்கொண்டு சன்னலருகே போனாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சாய்த்துப் பார்த்தாள். கன்னத்தில் இருந்தவை அவளுக்குத் தெரிந்தவை. நெற்றியில் புதிதாக ஒன்று பளிச்சென்று மின்னியது. அவள் தன் கையிலிருந்த ரொட்டித் துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கூட்டத்துக்கு நடுவில் மருமகளை மட்டும் பார்த்தாள்.

"ஆவி போறதுக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றாள் நோரீன். "ஆவிக்குத்தான்."

கிழவி காசை மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் பின்கழுத்தில் தொங்கிய முடியை அள்ளி நோரீனிடம் காட்டினாள்.

"நாளைக்குக் கடையைத் திற, தூஷோ. இதைப் பாரு, காட்டுப்புதர் மாதிரி ஆகிப்போச்சு."